ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில்

“…அதனால நாளையிலேர்ந்து பானையில யாரும் டம்ளர் விட வேண்டாம். ஆளுக்கொரு பாட்டில், வீட்டுலேர்ந்தே ரொப்பிக் கொண்டு வரட்டும். நானும் கொண்டு வர்றேன். பிள்ளைங்களோட சேர்ந்து நானும் குடிக்கிறேன்.”

மேட்டூரிலிருந்து மாற்றலாகி வந்த அறிவியல் டீச்சர், பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நின்று பெற்றோர்களிடம் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோட்டத்து அக்கா என் தொடையில் கிள்ளினார்.

“ஏனம்மிணி, தண்ணி குடி தண்ணி குடின்னு இந்தம்மா எதுக்கு இப்படித் தொண்டை வறளக் கத்துது? இதுல அதுக்கு என்ன கெடைக்குது?”

எனக்கும் அதே யோசனைதான். எங்கள் பக்கம் யாராவது சும்மா நல்லது சொன்னால், சொன்னவரை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றுதான் எட்டிப் பார்ப்போம். பிரேயரில் பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள், தண்ணீர் போதவில்லை என்று டீச்சர் காரணம் சொன்னார். விழுந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முந்தி எத்தனையோ டீச்சர்கள் இருந்தார்களே, அவர்கள் முன்னால் விழாத பிள்ளைகளா?

இது எண்பதுகளின் நடுவில், புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், சேலம்–நாமக்கல் ரோட்டை ஒட்டியிருந்த ஒரு நடுநிலைப் பள்ளியில் நடந்தது. கூட்டம் முடிந்து வீடு போய்ச் சேருவதற்குள் டீச்சர் வீட்டுக்காரருக்கு மேட்டூரில் வாயாலேயே ஒரு பிளாஸ்டிக் கம்பெனி வைத்துக் கொடுத்துவிட்டார்கள் ஊர்க்காரர்கள். “முதல்ல எந்தப் பாட்டில்னாலும் சரிம்பா. அப்பறம் இது ஆகாது, அது ஆகாது, எங்கிட்ட வாங்குங்கம்பா. பாத்துட்டே இரு” என்றார் தோட்டத்து அக்கா. பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்தம்மா ஒரு பாட்டிலும் விற்கவில்லை. அதனால் சந்தேகம் குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

மறுநாள் காலையில் பிள்ளைகள் போன அழகை ரோட்டில் நின்று பார்த்தோம். டானிக் பாட்டில், லாரி பேட்டரிக்குத் தண்ணீர் வாங்கிய வெள்ளை கேன், ரோட்டோரக் கடையில் பொறுக்கிச் சாம்பல் போட்டுக் கழுவிய பிராந்தி பாட்டில். “எம்பையன் பிராந்தி பாட்டிலோட பள்ளிக்கூடம் போறான், நான் பால் போசியோட சொசைட்டிக்குப் போறேன். தலைகீழாப் போச்சுங்க உலகம்” என்று ஒருத்தர் சொல்ல, பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் மொத்தமும் சிரித்தது.

என் மகளிடம் இருந்தது நீல பாட்டில், தோளில் மாட்டிக்கொள்ள வார் வைத்தது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா முன்பே பம்பாயில் வாங்கிவந்தது. அவள் அப்போது ஏழாவது படித்தாள். அதற்கு முன்பே நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலோடு நாமக்கல் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவள். தண்ணீரே குடிப்பதில்லை போல, அதுதான் காரணம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாட்டிலைக் கொடுக்கும்போதே அவள் அப்பா என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்: “இன்னொருக்காக் கடுப்பு வந்துச்சுன்னா பள்ளிக்கூடம் போதும். ஊட்டுல இருந்து குடிக்கட்டும் தண்ணிய.” அவர் சொன்னால் செய்கிறவர். எட்டாவதாவது முடிக்கட்டும் என்று நான் மனசுக்குள் ஆசைப்பட்டுக் கிடந்தேன்.

பாட்டில் தினமும் காலியாகத்தான் திரும்பி வந்தது. ஆனால் வந்தவள் பையைக்கூட இறக்காமல் நேராகப் பானைக்குப் போவாள். நின்றபடியே ஒரு சொம்பு, மறுபடியும் ஒரு சொம்பு. பள்ளிக்கூடத்தில் ஒரு பாட்டில் குடித்த பிள்ளை இப்படியா குடிக்கும்?

“தண்ணி குடிச்சியா சாமி?”

“குடிச்சேன்மா.”

“பூராவுமா?”

“பாட்டிலப் பாரு, காலியாத்தான இருக்குது.”

பாட்டிலைப் பார்க்கச் சொன்னாளே தவிர, என் முகத்தை அவள் பார்க்கவில்லை. உதடு வெடித்திருந்தது. சில நாளில் மறுபடியும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லையிலிருந்து வந்தாள். அவள் அப்பா நாக்பூர் லோடு இறக்கிவிட்டு வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

தோட்டத்து அக்காவிடம் போய்ச் சொன்னேன். “பசங்க புடுங்கிக் குடிக்கறானுகளோ என்னமோ. இல்லாட்டி அந்த டீச்சரே ஊத்தி வெச்சுக்குதோ? பஸ்ஸுல வாரவங்களுக்குத் தண்ணி ஏது?” என்றார் அவர். கேட்கக் கேட்க எல்லாமே நடந்திருக்கும் போலத்தான் இருந்தது.

மறுநாள் என் மகள் சத்துணவுத் தட்டை மறந்து வைத்துவிட்டுப் போனாள். அதை எடுத்துக்கொண்டு, தட்டுக் கொடுக்கப் போகிறவள் மாதிரி பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பங்குனி வெயில். மைதானம் அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது. ஆனால் வகுப்பின் பின்சுவரோரம் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குப் புல் பச்சைப்பசேலென்று நின்றது. அங்கே கிணறு இல்லை, குழாய் இல்லை, வாய்க்கால் இல்லை. இந்தப் புல்லுக்கு யார் தண்ணீர் காட்டுகிறார்கள்?

ஜன்னல் ஓரமாக ஒதுங்கி நின்று உள்ளே பார்த்தேன். மணி அடித்தது. “எடுங்க பாட்டிலை” என்றார் டீச்சர். பையன்கள் மடக் மடக்கென்று குடித்தார்கள். பெண் பிள்ளைகளும் பாட்டிலைத் தூக்கி வாயில் வைத்தார்கள். என் மகளின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. பக்கத்துப் பிள்ளைக்கும் அசையவில்லை. அந்த வரிசையில் ஒருத்திக்கும் அசையவில்லை. பிறகு டீச்சரைப் பார்த்தேன். அவர் பாட்டிலை அண்ணாந்து பிடித்திருந்தார். அவர் தொண்டையும் அசையவில்லை.

இடைவேளை விட்டதும் பெண் பிள்ளைகள் சுவரோரம் வந்து வரிசையாகப் பாட்டிலைக் கவிழ்த்தார்கள். என்னைப் பார்த்ததும் என் மகள் கை அப்படியே நின்றது.

“ஏன் சாமி, நான் கெணத்துல சேந்தி ரொப்பி அனுப்பறது இந்தப் புல்லுக்கா?”

அவள் அழவில்லை. கோபமாகத்தான் கேட்டாள்: “குடிச்சா எங்கம்மா போறது?”

கையை நீட்டிக் காட்டினாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆள் உயரக் கிளுவை வேலி இருந்தது. அதன் மறைவுதான் காலகாலமாகப் பெண் பிள்ளைகளுக்கு ஒதுங்குமிடம். அந்த நிலத்துக்காரர் போர் போடும் ரிக் லாரிகள் நிறுத்துவதற்கு இடத்தை வாடகைக்கு விட்டு, வேலியை வெட்டிப்போட்டது எனக்குத் தெரியும். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட மட்டும் எனக்குத் தோன்றவில்லை. லாரிக்கு அடியில் ஆண்கள் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். ஒருத்தர் ஜட்டியோடு குளித்துக்கொண்டிருந்தார்.

நேராக டீச்சரிடம் போனேன். வராந்தாவில் நின்றிருந்தார்.

“ஏனுங்க டீச்சர், உங்க பாட்டிலும் ரொம்பித்தானுங்க இருக்குது.”

அவர் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்தார். பிறகு மறைப்பதை விட்டுவிட்டார். “காலையில நான் தங்கியிருக்கிற ரூம்ல போறதுதாங்க. மறுபடி சாயந்திரம் போய்த்தான்.”

“அப்பறம் எதுக்குங்க எங்க பிள்ளைகளைக் குடிக்கச் சொன்னீங்க?”

“பிள்ளைங்க குடிக்க ஆரம்பிச்சா, இடம் தானா வந்துடும்னு நினைச்சேன். ஹெட்மாஸ்டர் சாரைக் கேட்டுட்டேதான் இருக்கேன். பாக்கலாம்மாங்கறார்.”

அதையும் நான் முழுசாக நம்பவில்லை. கேட்டேன் என்கிறவர்கள் எல்லாம் கேட்டவர்களா? “வெள்ளிக்கிழமை இவங்கப்பா வந்தா இவளை நிறுத்திப்போடுவாருங்க டீச்சர். எம்முன்னாடி ஒருக்காக் கேளுங்க. நான் பாக்கோணும்” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடந்தார். பின்னாலேயே நானும் போனேன்.

ஹெட்மாஸ்டர் அயோத்தியாப்பட்டணத்துக்காரர். சத்தம் போடத் தெரியாத மனிதர். எதைக் கேட்டாலும் சிரித்த முகமாகத்தான் இல்லை என்பார். “பொண்ணுங்களுக்குக் கக்கூஸ் ரூம் கட்டித்தான் இருக்குதும்மா, மூலையில. சத்துணவு வந்தப்பறம் விறகு போட வேற எடமில்ல. விறகு நனைஞ்சா சோறு வேகாது. மழை முடியட்டும், பாக்கலாம்.”

வெளியே பங்குனி வெயில் கூரை ஓட்டைப் பிளந்துகொண்டிருந்தது.

“பொண்ணுங்க தண்ணியே குடிக்கறதில்ல சார்” என்றார் டீச்சர்.

“யார் சொன்னா? உங்க பாட்டில் ஏற்பாடு ரொம்ப நல்லாப் போகுதுன்னு நான் போற எடமெல்லாம் சொல்லிட்டிருக்கேன். ஒரு பாட்டில்ல மிச்சம் இருக்குதா? எல்லாம் காலியாத்தானே போகுது?”

டீச்சர் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த பாட்டிலின் மூடியைத் திருகினார். ஹெட்மாஸ்டர் மேஜைக்கு முன்னால் நின்றபடியே அண்ணாந்து, மூச்சு விடாமல், பாட்டில் காலியாகும்வரை குடித்தார். ஜாக்கெட்டில் சிந்தியதைத் துடைக்கவும் இல்லை. காலிப் பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு மைதானத்தைக் கடந்து மூலை அறைக்குப் போனார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கதவில் சுற்றியிருந்த கட்டுக்கம்பியை முறுக்கி அவிழ்த்தார். மேலே கிடந்த முதல் விறகை உருவி வெயிலில் வீசினார்.