நான்கு மணி மிஸ்டு கால்

கொட்டாம்பட்டியிலிருந்து மதுரைக்கு வந்த பேருந்தில் என் அருகில் அமர்ந்திருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கலாம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. கைக்குட்டையில் சுற்றிய கைபேசியை மடியில் வைத்து, அடிக்கடி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரியாக நான்கு மணிக்கு அது ஒரேயொரு முறை ஒலித்து அடங்கியது. அவர் எடுக்கவில்லை. முகம் மட்டும் தெளிந்தது.

"எம் மகன், தம்பி. வெளிநாட்டுல இருக்கான். இங்க வாங்குன பிரீபெய்டு சிம்மைத்தான் கொண்டுபோனான். பேச ஆரம்பிச்சா காசு தீந்து பாதியில கட்டாயிருது. அதான் தெனம் ஒரு மிஸ்டு கால். அடிச்சா நல்லா இருக்கான்னு அர்த்தம்."

"கடைசியா எப்ப பேசுனீங்கண்ணே?"

"நாலு மாசமாச்சு." தயங்கினார். "ரீசார்ஜ் பண்ணப் போனா, அந்த நம்பரு ரெண்டு மாசத்துக்கு முன்னயே ரத்தாயிருச்சுங்கிறான் கடைக்காரன். கிறுக்குப்பய."

திரையைக் காட்டினார். அழைத்த எண் இருக்கவேண்டிய இடத்தில் வரிசையாகப் பூஜ்யங்கள்.

உண்மையை அறிவதே அவருக்கு நன்மை என்று நம்பினேன். "நாளைக்கு அடிக்கும்போது எடுத்துப் பேசிருங்கண்ணே. தேவைப்பட்டா தூதரகத்துக்கு நான் எழுதித் தாரேன்."

சொல்லி முடிப்பதற்குள் அது மறுபடி ஒலித்தது. இம்முறை ஒருமுறையோடு ஓயவில்லை. என் கை தானாக நீண்டது. அவர் கைபேசியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டார்.

"வேணாம் தம்பி. எடுத்து, அது அவன் குரலா இல்லாமப் போயிட்டா?"

மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் அவர் இறங்கிக் கூட்டத்தில் மறைந்தபோதும் அது ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. எடுக்கச் சொன்னது சரிதானா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. நான்கு மணிக்கு எங்கேனும் ஒரு கைபேசி ஒருமுறை ஒலித்து ஓய்ந்தால், அவர் மகன் நலமாக இருக்கிறான் என்று நானும் நம்பிக்கொள்கிறேன்.