ஜப்பான்காரிக்கு வைத்த பொட்டு

நேற்று காரைக்குடிப் பழம்பொருள் கடையில், மரக்கட்டை அச்சில் பதித்த, கொண்டை போட்ட ஜப்பான்காரி படத்தைக் கண்டதும் சந்தனம் மணத்தது. அறுபதுகளில் அருப்புக்கோட்டை வீட்டு முன்னறையில், அப்பா ரங்கூனை விட்டு வந்தபோது கொண்டுவந்த அப்படியொரு படம் முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவே தொங்கியது. வெள்ளிதோறும் அம்மா எல்லாப் படங்களின் கண்ணாடியையும் துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஊதுபத்தி சுற்றுவாள். பழைய படங்கள் வாங்க வந்த மெட்ராஸ்காரர், "இது சாமியில்லைம்மா, ஜப்பான் தாசி" என்று சிரித்தார். முன்பே தெரிந்தவர்போல அப்பாவும் சிரித்தார்.

"வந்தவுகளையே அதக் கொண்டுபோகச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வெள்ளி, பழக்கத்தில் விரலில் குங்குமம் எடுத்தவள் வெறும் ஆணிக்கு முன்னால் நின்றாள். நான் பார்ப்பதைக் கண்டதும், விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.