சக்‌ஷன் பிடிக்கும் அண்ணி

எங்கள் அண்ணி வீட்டில் அதிகம் வாய் திறக்கமாட்டாள். நான் இடம் கொடுத்தால்தானே? ஆனால் அவள் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் கதையே வேறு. டாக்டர் பல்லைக் குடையும்போது வாயில் சேரும் எச்சிலையும் தண்ணீரையும் சக்‌ஷன் குழாயால் உறிஞ்சி எடுப்பது அவள் பொறுப்பு. குழாயைப் பிடித்தபடியே ஓயாமல் பேசுவாளாம். எதிரே படுத்திருப்பவர் எல்லாம் வாயைப் பிளந்து கிடப்பதால் குறுக்கே பேச ஆளில்லை. ராஜயோகம்தான்.

அதை நேரில் பார்க்கும் பாக்கியம் என் முன்பல் உடைந்ததால் கிடைத்தது. ரயில் நிலைய அறிவிப்பாளர் வேலைக்கு எனக்குக் குரல் தேர்வு வந்திருந்தது. முந்தின நாள் டார்ச் லைட்டை மைக்காகப் பிடித்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் படாரென்று கதவைத் திறந்தான். டார்ச் பல்லில் மோத, பாதிப் பல் என் உள்ளங்கையில் விழுந்தது. பேசினால் காற்றுதான் வந்தது. அண்ணனைக் கடித்துக் குதறியிருப்பேன், பல் இருந்திருந்தால். அண்ணி மட்டும் பதறாமல் அந்தத் துண்டைப் பாலில் போட்டு வைத்தாள்.

மறுநாள் காலையில் கிளினிக். பகலில் தேர்வு. எனக்கோ தொண்டையில் தண்ணீர் தேங்கினாலே மூழ்கிவிடுகிற மாதிரி பயம். டாக்டரம்மா பல்லில் மருந்து தடவியதும் பயந்துபோய், ஜூஸ் குடிப்பதுபோல் குழாயை உதட்டால் கவ்விக்கொண்டேன். பல்லெல்லாம் எச்சில்.

"போச்சு. ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் துண்டு ஒட்டாது. மறுபடி முதல்லேர்ந்து செய்யணும். இந்தத் தடவையும் வாயை மூடினா, இன்னிக்குத் தேர்வை மறந்துடும்மா," என்றார் டாக்டரம்மா.

அண்ணி என் பக்கம் குனிந்தாள். "மூக்கால மூச்சு விடு. தண்ணி என் கவலை. நீ இதைக் கேளு."

குழாயைக் கடைவாயோரம் வைத்துக்கொண்டு, அச்சு அசல் ரயில் நிலையக் குரலில் ஆரம்பித்தாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வடக்கே செல்லும் வண்டி தெற்கே போய்விட்டது. எஞ்சின் மட்டும் மூன்றாம் நடைமேடையில் நிற்கிறது. டிக்கெட் வாங்காதவர்கள் மட்டும் ஏறவும்."

தப்பு, தப்பு என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அவளோ விடாமல் அடுத்த வண்டியைத் தண்டவாளமே இல்லாத நடைமேடைக்கு அனுப்பினாள். குழாய் சர்ரென்று உறிஞ்சிக்கொண்டே இருந்தது. தொண்டை என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. ஒட்டவைத்த துண்டை இறுகச்செய்யும் நீல விளக்கு அணைந்ததும் டாக்டரம்மா, "ஒட்டிடுச்சு. பேசிப் பாரு," என்றார்.

"எஞ்சின் இல்லாம வண்டி எப்படி அண்ணி தெற்கே போகும்?" என்றேன். ஒரு எழுத்தில்கூடக் காற்று இல்லை. சந்தோஷத்தில் நாற்காலியிலிருந்து விழப்பார்த்தேன்.

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு அண்ணியும் கிளினிக் சீருடையோடு என்கூட ஓடிவந்தாள். தேர்வு அறையில் என்னை மைக் முன்னால் உட்காரவைத்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். கொடுத்த தாளைக் கணீரென்று வாசித்தேன். தேர்வாளர் தலையாட்டி, "திங்கட்கிழமை வேலைக்கு வந்துடுங்க," என்றார்.

துள்ளியெழுந்து கண்ணாடி வழியே பார்த்தேன். அண்ணி வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.