"தெரியவில்லை" என்றொரு பொத்தான்

நம் லேப் டெக்னீஷியன் செல்வமேரி போய்விட்டார் என்று ஆய்வுக்கூடத்திலிருந்து கோமதி போனில் சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை. நெஞ்சுவலியாம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவரிடம் திட்டு வாங்காதவர் நம்மில் யார்? ரத்தப் படங்களில் மலேரியா கிருமியைத் தேடும் மென்பொருளை நான் எழுதினேன். எது கிருமி என்று ஆயிரக்கணக்கான படங்களில் வட்டம் போட்டு அதற்குக் காட்டிக்கொடுத்தவர் அவர். "உங்க புள்ள நல்லா படிக்குது சார். ஆனா சந்தேகமே கேக்க மாட்டேங்குது" என்று மென்பொருளைச் சொல்வார்.

மலையில் கரியாலூர் ரத்தப் பரிசோதனை முகாம் முடிந்த மறுநாள், பதினோரு பேருக்குக் கிருமி இருப்பதாக மென்பொருள் சொன்னது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டியலை உடனே மலைக்கு அனுப்பப் பார்த்தேன். அதில் பவுனம்மாள் என்ற கர்ப்பிணியும் இருந்தார்.

"இருங்க சார். அந்தப் பொண்ணுக்கு மாத்திரை குடுத்துடுவாங்க" என்று மேரி பவுனம்மாளின் ரத்தம் தடவிய ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஃபோகஸ் திருகை மெல்ல ஏற்றி இறக்கினார். "இன்னா சார் இது, மின்னுது? கிருமி மின்னாது. ஈரந்தான் மின்னும்."

முகாமன்று மலையில் பனிமூட்டம், தூறல் வேறு. ஸ்லைடுகளை ஜீப்புக்குள் அடுக்கி அவசரமாகக் காயவைத்தவர் அவரேதான். ஆய்வுக்கூடத்தில் அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள், யார் தவறு என்று யாரும் கேட்கவில்லை. "என் தப்புதான். சரியா காயல. மறுபடி போய் எடுத்தாறேன்" என்றார். நானாக இருந்தால் பழியைக் கேமராவின் தலையில் கட்டியிருப்பேன். அன்றே பஸ் ஏறினார். மறுபடி எடுத்ததில் பவுனம்மாளுக்கு ஒன்றுமில்லை. அந்தப் பதினோரு பேரில் ஒரு பெரியவருக்கு மட்டும் உண்மையிலேயே கிருமி இருந்தது, அவருக்கு மருந்து போனது.

திரும்பி வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "இருக்குது, இல்ல, ரெண்டே பொத்தான வச்சிக்கினு இன்னா பண்றது? தெரியலன்னு ஒண்ணு வைங்க."

"தெரியலன்னு சொன்னா அத யாருங்க மதிப்பாங்க?"

"என் தப்புன்னு நானே சொன்னேனே. என்ன மதிக்கலியா?"

வைத்தேன்.

அவர் ஊரான வடக்கனந்தலில் அடக்கம் முடிந்த அடுத்த வாரம், அந்தப் பொத்தானை எடுத்துவிட்டால் மென்பொருள் இன்னும் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். முடியாது என்றேன். மேரியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தேன். கரியாலூரிலிருந்து புதிதாக வந்த படமொன்றை, "தெரியவில்லை, ஒருவர் பார்க்கவும்" என்று மென்பொருள் தானாகவே நிறுத்தி வைத்திருந்தது. கோமதி அந்த ஸ்லைடை எடுத்து வைத்து, மேரியைப் போலவே திருகை மெல்ல ஏற்றி இறக்கினார்.

"மின்னுது சார்" என்றார்.