சிஹானா ராத்தாவின் முகமில்லாப் படை

சிஹானா ராத்தா மௌத்தாகிவிட்டார். நேற்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது.

நான் இங்கே எதையும் எழுதுகிற ஆள் இல்லை. இன்று காலை அவருடைய காக்கா, கூடப்பிறந்த அண்ணன், போட்ட போஸ்டைப் பார்த்தேன்... அதனால்தான் எழுதுகிறேன்.

ராத்தா என் சொந்த அக்கா இல்லை; கல்முனையில் நான் வேலை செய்யும் ஃபாமசியில் எனக்கு முன்பிருந்தே இருந்தவர். கவுண்டருக்குப் பின்னால் அவர் கதிரையும் என் கதிரையும் பக்கத்தில் பக்கத்தில்.

பகல் சாப்பாடு முடிந்ததும் மருந்துப் பெட்டிகளின் மறைவில் உட்கார்ந்து, சுண்டுவிரல் உயரமுள்ள பிளாஸ்டிக் வீரர்களுக்குப் பெயின்ட் பூசுவார். மேசையில் இரண்டு படைகளாக நிறுத்தி, அடிமட்டத்தால் தூரம் அளந்து, டைஸ் உருட்டி விளையாடுகிற யுத்த விளையாட்டின் வீரர்கள்.

முதல் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தது இதே காக்காதான். அறுகம்பேயில் அவர் நடத்தும் கெஸ்ட் ஹவுஸில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனது. அதற்குப் பிறகு ராத்தா தன் சம்பளத்தில் ஒவ்வொன்றாக வரவழைத்தார்.

வந்த வீரர்களை அப்படியே விடமாட்டார். மருதமுனைத் தறியில் மிஞ்சிய நூலைப் பிரித்து மேலங்கி போடுவார். கிழிந்த மீன் வலையில் ஒரு துண்டு வெட்டி முதுகில் தொங்கவிடுவார்.

முகம்தான் முக்கியம். தண்ணிக் குழாய் ஒழுக்கை அடைக்கிற எபோக்சிப் பசை இருக்கிறதே, அதை ஹார்ட்வெயாரில் வாங்கிப் பிசைந்து, ஊசி முனையால் ஒவ்வொருவன் முகத்தையும் மூடிவிடுவார். ஒருவனுக்குத் தலைக்கவசம், ஒருவனுக்குச் சால்வை, ஒருவனுக்குத் தூசிக்குக் கட்டிய துணி.

ஒரு கண்கூட வெளியே தெரியாது.

ஏன் என்று கேட்டிருக்கிறேன். "முகம் இரிந்தா அது உருவம் புள்ள, மார்க்கத்துல கூடாது. முகம் இல்லாட்டி சாமான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பொறகு, முகத்தப் பாத்துக்கிட்டு இவனுகள எப்பிடி வெட்டிச் சாய்க்கிற? பாவமா இரிக்குமே" என்று சிரித்தார்.

மூடு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரே தனக்கு வைத்துக்கொண்ட சட்டம் அது.

வெளிநாட்டு ஆட்கள் இருக்கிற ஒரு குரூப்பில் படம் போடுவார். வேலை நல்லது, ஆனால் கண் வரைவதில்தானே கெட்டித்தனம், ஒரு முகமாவது காட்டுங்கள் என்று கேட்பார்கள். ராத்தா ஒரு 'தேங்க்ஸ்' போட்டுவிட்டு அடுத்தவனை மூடத் தொடங்கிவிடுவார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை சாத்தியதும் ஸ்டோர் அறை மேசையில் நாங்கள் இருவரும் விளையாடுவோம். டைஸில் அவருக்கு நல்ல எண் விழவே விழாது. ஒவ்வொரு முறை தோற்கும்போதும், "இவனுகள் நோன்பு புள்ள, அதான் தெம்பில்ல" என்பார்.

போன கிழமை ராத்தாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். காக்காவும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.

ராத்தா என்னைக் காட்டி அவரிடம் சொன்னார். "காக்கா, அந்த ரெஜிபோம் பெட்டி இவவுக்கு. படையில எல்லாரையும் அதுக்குள்ளதான் அடுக்கி வெச்சிரிக்கன். குடுத்துருங்க."

"ஓம், குடுக்கிறன்." காக்கா என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து மய்யித்து வருவதற்கு முன்பே நான் ராத்தாவின் வீட்டுக்குப் போய்விட்டேன். வாசலிலேயே பிளாஸ்டிக் எரிகிற மணம்.

பின்வளவில் ராத்தாவின் மைனி, காக்காவின் மனைவி, ஒரு கம்பால் நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். வெள்ளை நுரை போன்ற அந்த ரெஜிபோம் பெட்டி ஏற்கெனவே உருகிவிட்டது. சால்வை போட்டவன், வலை போட்டவன், எல்லோரும் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக் குமிழி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

காக்கா பக்கத்தில் நின்றார். ராத்தா எனக்கென்று சொன்னதுதானே என்றேன்.

"அது ஆஸ்பத்திரியில வருத்தத்துல கெடந்து கதைச்ச கதை மகள். மய்யித்து வாற ஊட்டுல சிலை இரிந்தா வானத்துலரிந்து மலக்குமார் எறங்கி வருவாங்களா?"

"ஒண்டையாவது கையில எடுத்துப் பாத்தீங்களா?"

"சிலையில என்னத்தப் பாக்கிற?"

அவ்வளவுதான். பார்க்கவே இல்லை.

உள்ளே, ஹாலில், கண்ணாடி ஷோகேஸுக்குள் மணமகனும் மணமகளுமாக ஒரு சோடி பீங்கான் பொம்மை. நீலக் கண், வரைந்த இமைமுடி, சிவந்த உதடு. மைனியின் கல்யாணத்துக்கு வந்த பரிசாம்.

அதை யாரும் தொடவில்லை. ஒரு துணிகூடப் போடவில்லை. அதற்கு நேர் கீழேதான் ராத்தாவைக் கிடத்தினார்கள். அதற்குக் கீழே இருந்துதான் நாங்கள் யாசீன் ஓதினோம்.

வீட்டுக்கு வந்து அபாயாவை இரண்டு தரம் கழுவிப் போட்டேன். அந்தப் பிளாஸ்டிக் மணம் இன்னும் போகவில்லை.

இனி அந்த போஸ்ட்.

ராத்தா எடுத்த படங்களையே எடுத்துப் போட்டிருக்கிறார். வரிசையாக நிற்கிற வீரர்கள். 'என் அன்புத் தங்கையின் கைவண்ணம், உலகமே பாராட்டிய கலைஞர், எங்கள் குடும்பத்தின் பெருமை.' கீழே எல்லோரும் மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்...

யாரோ ஒருவர், இவற்றை நேரில் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

காக்காவின் பதில்: 'இன்ஷா அல்லாஹ். குடும்பம் பத்திரமாக வைத்திருக்கிறது.'

பத்திரமாக... பின்வளவில், கறுப்புக் கட்டியாக.

அந்தப் பதிலுக்கும் ஆட்கள் ஹார்ட் போட்டிருக்கிறார்கள். மைனியும் போட்டிருக்கிறார்.

இன்று ஃபாமசிக்குப் போய், கவுண்டரில் ராத்தாவின் லாச்சியை இழுத்துத் திறந்தேன். பிளாஸ்டர் பெட்டிக்குள் பஞ்சில் சுற்றி ஒருவன் கிடந்தான். கொடி பிடிக்கிறவன். மேலங்கி முடிந்திருந்தது, கொடியும் முடிந்திருந்தது. முகம் மட்டும் இன்னும் மூடாமல் அப்படியே. மூக்கு, திறந்த வாய், இரண்டு கண்.

அவ்வளவு பெரிய படையில் முகம் இருந்தவன் இவன் ஒருவன்தான். தப்பியவனும் இவன்தான்.

பக்கத்திலேயே பசை இருந்தது. பகல் சாப்பிடாமல் உட்கார்ந்து பிசைந்தேன்.

ராத்தா, ஒருவன் மிச்சம். முகத்தை மூடிவிட்டேன். என் கைக்கு உங்களைப்போல் வரவில்லை, சால்வை கொஞ்சம் மொத்தமாகிப் போய்விட்டது... பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிம்மதியாக உறங்குங்கள்.