இமானுவேல் நடித்த படம்

காரைக்குடி செக்காலை ரோட்டில், ஒரு மருந்துக்கடை மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார் இமானுவேல். தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஊருக்கு இன்டர்நெட் வந்த புதிது. சாக்கோட்டைப் பக்கமிருந்தெல்லாம் பெண்பிள்ளைகள் அவரை நம்பித்தான் பஸ் ஏறி வந்து படித்தார்கள். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர்.

அப்போது செட்டியார் வீடுகளில் படம் எடுக்க வந்த ஒரு கம்பெனி, அவருடைய சென்டரையும் கேட்டது. கம்ப்யூட்டரில் பேசிப் பழகி, பெண்களை வரவழைத்துக் கொல்லும் ஒருவனைப் போலீஸ் தேடும் கதை. டைரக்டருக்கு இமானுவேலின் முகம் பிடித்துப்போயிற்று. கடைக்காரராக அவரே இருக்கட்டும் என்றார். கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தார். திரையைப் பார்த்து லேசாகச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார். கொலைகாரன் யாரென்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மனைவி ஆரோக்கிய ஷீலா தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள்.

அடுத்த வருஷம் படம் வந்தது. இருவரும் முதல் ஆட்டத்துக்கே போனார்கள். கடைசியில் போலீஸ் கண்டுபிடித்த கொலைகாரன் அவர்தான். ஓடியதும் உதைபட்டதும் முதுகு மட்டும் தெரிந்த வேறு யாரோ; முகம் இவருடையது. தியேட்டரே கைதட்டியது. ஷீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுவாரமே பிள்ளைகள் படிப்பை விட்டு நிற்க ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் சொல்லாமலே நின்றுகொண்டார்கள். சென்டரில் படித்த காளீஸ்வரியின் அப்பா மருது மட்டும் சாக்கோட்டையிலிருந்து நேரில் வந்தார்.

"தப்பா நெனைக்காதீக சார். படம்னு எனக்குத் தெரியுது. ஊருக்குத் தெரியணும்ல. பொம்பளப் புள்ள."

"நான் அப்படிப்பட்டவனாண்ணே?"

"இல்லைன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்றேன்" என்றார் மருது. வகுப்பில் இருந்த மகளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார்.

இமானுவேல் டைரக்டரோடு சண்டை போடத்தான் சென்னைக்குப் போன் செய்தார். அவரோ, இந்த முகம்தான் படத்தையே தூக்கி நிறுத்தியது என்று மனதாரப் பாராட்டினார். இவர், ரொம்ப நன்றி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அதை நினைத்து நினைத்துப் பல நாள் தன்னையே வைதுகொண்டார்.

சென்டரை மூடிவிட்டு, சிவகங்கையில் ஒரு வக்கீலிடம் டைப் அடிக்கப் போனார். தாடி வளர்த்துக்கொண்டார்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேபிளில் அந்தப் படத்தைப் போட்டார்கள். இரண்டாம் வகுப்பு படிக்கிற மகள் அனிதா, பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏம்ப்பா அந்த அக்காவக் கொன்னீக?"

அதெல்லாம் பொய், அப்பா சும்மா சிரிக்க மட்டும்தான் செய்தேன் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவளும் புரிந்ததுபோலத் தலையாட்டினாள். ஷீலா சோறு போட்டதும் அவர் பக்கத்திலிருந்து தட்டைத் தூக்கிக்கொண்டு போய், அம்மாவுக்கு அந்தப் பக்கமாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.