மச்சாளுக்குக் குளிருது

பேய், ஆவி என்று யாராவது கதை எடுத்தால் தேநீர் போட எழுந்து போய்விடுகிற ஆள் நான். இத்தாலிக்கு, பலேர்மோவுக்கு வந்த நாள் முதல் வயதானவர்களைப் பார்க்கிற வேலை. எத்தனையோ பேரின் கண்களை நானே மூடியிருக்கிறேன், ஒருவரும் திரும்பி வந்து கதவைத் தட்டியதில்லை. இதையும் நீங்கள் நம்பவேண்டாம், கேளுங்கள், போதும்.

கனடாவில், மொன்றியலில் இருக்கிற அண்ணையின் மனைவி, பவானி மச்சாள், போன வைகாசியில் இறந்தார். முப்பத்தோராம் நாள் சடங்கோடு அஸ்தியை ஆற்றில் கரைத்திருக்க வேண்டும். அண்ணை கரைக்கவில்லை. "வேலையையும் வீட்டையும் தவிர அவ ஒண்டும் பாக்கேல்லை, கியூபெக் முழுக்கக் காட்டிப்போட்டுத்தான் விடுவன்" என்று அஸ்தி முட்டியைக் காரின் முன்சீட்டில் வைத்து, அதற்கு பெல்ட்டும் போட்டுக் கிளம்பிவிட்டார். ஐப்பசியாகியும் அலைகிறார், சாப்பாடில்லை, நித்திரையில்லை. இந்த மனிதனும் அவரோடேயே போய்விடுவாரோ என்பதுதான் என் பயம்.

ஒவ்வோர் இடத்திலிருந்தும் வீடியோவில் வருவார். அங்கே காலை, எனக்கு பலேர்மோவின் ஒரேத்தோப் பக்கம், நான் பார்க்கிற இத்தாலிய மூதாட்டி சிஞ்ஞோராவின் கட்டிலோரத்தில், மத்தியானம். சார்லவுவாவில் மலைகள் சிவப்பும் மஞ்சளுமாக ஆற்றுக்குள் இறங்கின. சாக்னேயில் கருங்கல் சுவர்களுக்கு நடுவே கடல் ஊருக்குள் நுழைந்து கிடந்தது, வெள்ளைத் திமிங்கிலங்கள் மூச்சுவிட்டுப் போயின.

"இதிலை விடட்டோ, தங்கச்சி?"

"விடுங்கோ அண்ணை."

"இன்னும் கொஞ்சம் காட்டுறன்."

அன்றுதான் சிஞ்ஞோரா வாய் திறந்தார். கண் தெரியாத மனுசி, வெளிச்சம் நிழல் மட்டும்தான். "உன்ரை அண்ணன் என்ன ஆம்பிளை? தான் மட்டும் கோட்டுப் போட்டிருக்கிறான், பக்கத்திலை நிக்கிறவள் நடுங்கிறாள். பாவம், குளிக்கிற துவாயாலை காதை மூடியிருக்கிறாள்."

அண்ணையின் பக்கத்தில் காற்றுத்தான் நின்றது. ஆனால் கனடாவில் அத்தனை பனிக்காலத்தையும் தொப்பி போடாமல் துவாயைக் காதில் சுற்றியே கழித்தவர் மச்சாள். எல்லாரும் பகிடி பண்ணுவோம். சிஞ்ஞோராவுக்கு அதை யார் சொன்னது?

கடைசியில் காஸ்பே. கடலுக்குள் துளை விழுந்த பெரும்பாறை, துளைக்குள்ளால் இன்னொரு கடல்.

"இதுக்கு மேலை றோட்டு இல்லை, பிள்ளை" என்றார் அண்ணை. காரைத் திருப்புகிற குரலாக இல்லை அது.

"மச்சாளுக்குக் குளிருது அண்ணை. துவாய் காணாதாம். விடுங்கோ."

என் வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியாது. அண்ணை மெல்லத் திரும்பிப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு, மச்சாள் இறந்த நாளில்கூட அழாத மனிதன், வாய்விட்டு அழுதுகொண்டே முட்டியைத் திறந்தார். அலை வாங்கிக்கொண்டது.

போனை வைத்துவிட்டு, "போயிட்டாவோ?" என்று சிஞ்ஞோராவிடம் கேட்டேன்.

அவர் சுவரோடு நகர்ந்து படுத்தார், இன்னோர் ஆள் இருக்க இடம் விட்டு.

"பல்கனிக் கதவைச் சாத்து. எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள், முழுக்க ஈரம்."

அண்ணை இப்போது சாப்பிடுகிறார், தூங்குகிறார். "நிம்மதியாப் போயிட்டா" என்கிறார். ஓம் என்கிறேன். சிஞ்ஞோரா இன்றைக்கும் மத்தியானங்களில் சுவரோடு ஒட்டியே படுக்கிறார். விரிப்பின் மற்றப் பக்கத்தை நான் கைவைத்துப் பார்ப்பதில்லை.